மகள் கோலியா? மினசோட்டாவின் சிறந்த கோலி விருதை நோக்கி ஒரு கையேடு

கோலி என்றதும் நமக்குக் கண்ணாடிக் குண்டும் மண்ணில் தோண்டிய குழியும்தான் ஞாபகம் வரும். மினசோட்டாவில் கோலி என்றால் ஐஸ் ஹாக்கியில் வலைக்கு முன்னால் நிற்கிற ஆள். தலையிலிருந்து கால்வரை மெத்தை கட்டிக்கொண்டு, 6 அடி அகலம், 4 அடி உயரம் உள்ள ஒரு கூட்டைக் காப்பதுதான் வேலை. தயான் சந்த் பேரைத் தாண்டி ஹாக்கி பற்றி ஒன்றும் தெரியாமல் இந்தக் குளிர்ப் பிரதேசத்துக்கு வந்து சேர்ந்த என்னைப் போன்ற அப்பா அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். ஒருநாள் மகள் வந்து "அப்பா, நான் கோலியா நிக்கப் போறேன்" என்பாள், நீங்களும் யோசிக்காமல் சரி என்பீர்கள், அப்புறம் நாலைந்து வருஷம் கழித்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவர் "இந்த வருஷம் உங்க பொண்ணு பேரு விருதுக்கு அடிபடுது போல" என்று சொல்லும்போது திருதிருவென்று விழிக்காமல் இருக்க இது உதவலாம்.

முதலில் விருது என்ன என்று பார்த்துவிடுவோம். அமெரிக்காவிலேயே பெண்கள் ஐஸ் ஹாக்கியை முதலில் ஹைஸ்கூல் விளையாட்டாக அங்கீகரித்த மாநிலம் மினசோட்டா, வருஷம் 1994. அடுத்த வருஷமே முதல் மாநிலப் போட்டி நடந்து ஆப்பிள் வேலி பள்ளி ஜெயித்தது. 1996இல் மாநிலத்தின் சிறந்த 12ஆம் வகுப்பு வீராங்கனைக்கு 'மிஸ் ஹாக்கி' என்று விருது கொடுக்க ஆரம்பித்தார்கள், முதலில் வாங்கியவர் வின்னி ப்ராட். ஆனால் இப்படி ஒரு பொது விருது இருந்தால் அது பெரும்பாலும் கோல் போடுகிறவர்களிடம்தான் போய்ச் சேரும். கோல் போடுவது எல்லாருக்கும் தெரிகிறது, கோல் விழாமல் இருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. அதனால் 12ஆம் வகுப்பு கோலிகளுக்கென்று வருஷா வருஷம் தனியாக ஒரு விருது உண்டு. பையன்கள் பக்கம் இதற்கு ஈடான விருதுக்கு ஃப்ராங்க் ப்ரிம்செக் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் இதே மினசோட்டாவின் எவெலெத் ஊர்க்காரர், 1938-39இல் பாஸ்டன் ப்ருயின்ஸ் அணிக்கு முதல் சீசன் ஆடியபோதே 10 ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடாமல் 'மிஸ்டர் ஜீரோ' என்று பேர் வாங்கியவர்.

இதில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் அந்த '12ஆம் வகுப்பு' என்கிற வார்த்தை. 7ஆம் வகுப்பிலிருந்தே இங்கே பள்ளியின் முதல் அணியில், அதாவது வார்சிட்டியில், ஆட அனுமதி உண்டு. ஒரு பெண் ஆறு வருஷம்கூட வார்சிட்டி கோலியாக இருக்கலாம். ஆனால் விருதுக்கு அவள் பேர் வருவது ஒரே ஒரு முறை, கடைசி வருஷம். அந்த வருஷம் முழங்காலில் அடிபட்டால் போச்சு. 10ஆம் வகுப்பில் பிரமாதமாக ஆடி 12இல் சுமாராக ஆடினாலும் அதே கதைதான். இதை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டவர்கள் நிதானமாக இருக்கிறார்கள், வாங்காதவர்கள் மகளுக்குப் பன்னிரண்டு வயதிலேயே அவசரப்பட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

எண்களை எப்படிப் படிப்பது

கோலியைப் பற்றிப் பேசும்போது மூன்று எண்கள் காதில் விழும். எத்தனை ஆட்டம் ஜெயித்தாள், ஆட்டத்துக்குச் சராசரி எத்தனை கோல் விட்டாள், வலைக்கு வந்த ஷாட்டுகளில் எத்தனை பங்கைத் தடுத்தாள். மூன்றாவதைத்தான் சேவ் சதவீதம் என்கிறார்கள், ஆனால் சதவீதமாக எழுதாமல் .925 என்பது போலப் புள்ளி வைத்து எழுதுவார்கள். 1000 ஷாட்டில் 925ஐத் தடுத்தாள் என்று அர்த்தம்.

இப்போது ஒரு கணக்கு. இரண்டு பெண்கள், இருவரும் 20 ஆட்டம் முழுதாக ஆடியவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பெண் பலமான அணியில் இருக்கிறாள், முன்னால் நிற்கிற தடுப்பாட்டக்காரிகள் கெட்டிக்காரிகள், எதிரணி இவள் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மொத்தம் 240 ஷாட், 18 கோல். இரண்டாவது பெண் சின்ன ஊர்ப் பள்ளி, தினம் தினம் முற்றுகை, மொத்தம் 640 ஷாட், 45 கோல். ஆட்டத்துக்கு விட்ட கோல் சராசரியைப் பார்த்தால் முதல் பெண் 0.90, இரண்டாவது பெண் 2.25. யாரைக் கேட்டாலும் முதல் பெண்தான் என்பார்கள். சேவ் சதவீதம் போட்டுப் பாருங்கள்: முதல் பெண் 240இல் 222, அதாவது .925. இரண்டாவது பெண் 640இல் 595, அதாவது .930. ஆட்டத்துக்கு 12 ஷாட் வாங்குகிறவளைவிட 32 ஷாட் வாங்குகிறவள் அதிகப் பங்கைத் தடுத்திருக்கிறாள், அதுவும் களைத்துப்போய்.

அதற்காக இரண்டாவது பெண்தான் சிறந்தவள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆட்டத்துக்கு 12 ஷாட் மட்டும் வருவதிலும் ஒரு கஷ்டம் இருக்கிறது. பத்து நிமிஷம் சும்மா குளிரில் நின்று உறைந்துபோய், திடீரென்று எதிரணிக்காரி ஒருத்தி தனியாக ஓடிவரும்போது அதைத் தடுக்க வேண்டும். ஒன்று விட்டாலே சதவீதம் சரிந்துவிடும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆட்டத்துக்கு எத்தனை ஷாட் வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள், அவ்வளவுதான்.

சராசரி கோல் கணக்கில் இன்னொரு வில்லங்கம் உண்டு. மினசோட்டா ஹைஸ்கூல் ஆட்டம் 17 நிமிஷம் கொண்ட மூன்று பகுதி, மொத்தம் 51 நிமிஷம். கல்லூரி ஆட்டம் 60 நிமிஷம். உங்கள் மகள் இரண்டு பகுதி மட்டும் நின்று, அதாவது 34 நிமிஷம், 2 கோல் விட்டால், 51 நிமிஷக் கணக்கில் அவள் சராசரி 3.00. அதையே 60 நிமிஷக் கணக்கில் போட்டால் 3.53. ஆட்டம் அதே ஆட்டம், கோலும் அதே 2 கோல். வேறு மாநிலத்துப் பெண்ணோடோ கல்லூரிக்காரியோடோ ஒப்பிடுகிறபோது எத்தனை நிமிஷத்தால் பெருக்கியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஷாட் எண்ணுகிறவர். இதுதான் நான் ரொம்ப தாமதமாகக் கண்டுபிடித்தது. பள்ளி ஆட்டங்களில் ஷாட் எண்ணுவது பெரும்பாலும் யாரோ ஒரு மாணவரோ பெற்றோரோதான். சிலர் தாராளப் பிரபு, வலைப் பக்கம் தலை திருப்பியதையெல்லாம் ஷாட் என்று எழுதிவிடுவார். சிலர் கஞ்சம். மேலே சொன்ன முதல் பெண்ணுக்கு அவளுடைய சொந்த ரிங்கில், அதாவது பனி ஆடுதளத்தில், நடக்கிற 10 ஆட்டங்களில் ஆட்டத்துக்கு 3 ஷாட் கூடுதலாக எழுதிவிட்டால் போதும்: 270 ஷாட், 18 கோல், .925 என்பது .933 ஆகிவிடும். அவள் ஒரு துரும்பைக்கூடக் கூடுதலாகத் தடுக்கவில்லை. விருதுப் பேச்சில் கோலிகளுக்கு இடையே வித்தியாசம் பெரும்பாலும் இந்த அளவுதான் இருக்கும்.

நோட்டுப் புத்தகம்

அதனால் சொந்தமாகக் கணக்கு வையுங்கள். இதற்கு ஆப் எல்லாம் வேண்டாம், ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் போதும். பென்சில் என்று அழுத்திச் சொல்கிறேன், பேனா ரிங்க் குளிரில் பாதி ஆட்டத்தில் எழுதாமல் நின்றுவிடும், அனுபவம். ஒரு ஆட்டத்துக்கு ஒரு பக்கம். பக்கத்தில் ரிங்கின் பாதியை வரையுங்கள்: மேலே கோல் கோடு, நடுவில் வலை, இருபுறமும் வட்டம். ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து வந்ததோ அங்கே ஒரு புள்ளி, கோல் ஆனால் புள்ளியைச் சுற்றி வட்டம்.

எது ஷாட், எது இல்லை என்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். விதி எளிமையானது. கோலி தொடாமல் விட்டிருந்தால் உள்ளே போயிருக்குமா? போயிருக்கும் என்றால் ஷாட். கம்பத்தில் பட்டுத் திரும்பியது ஷாட் இல்லை, சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்டாலும் சரி. வலைக்கு வெளியே போகிறதைக் கோலி எட்டிப் பிடித்தால் அதுவும் இல்லை. நடுக்கோட்டிலிருந்து சும்மா தள்ளிவிட்டது வலையை நோக்கி உருண்டு வந்து அவள் மட்டையில் பட்டு நின்றால், நம்ப மாட்டீர்கள், அது ஷாட். முன்னால் நிற்கிற நம் அணிப் பெண் குறுக்கே விழுந்து தடுத்தது கோலி கணக்கில் வராது. கடைசி நிமிஷத்தில் கோலியை வெளியே எடுத்துவிட்டு காலி வலையில் விழுகிற கோல் அவள் தலையில் ஏறாது.

நான் முதல் சீசனில் கைதட்டுகிற சத்தத்தை வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் பெருமையாக "இன்னைக்கு 31 தடுத்திருக்கே" என்றேன். பின்சீட்டிலிருந்து மகள், "அப்பா, 22. மத்ததெல்லாம் வெளிய போனது, நான் சும்மா புடிச்சேன்" என்றாள். கோலிக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் அவளையே கேளுங்கள், ஆனால் தோற்ற அன்று கேட்காதீர்கள்.

புள்ளி வைத்த பிறகு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து போடுங்கள். நேராக, எந்தத் தடையும் இல்லாமல் பார்த்து வாங்கிய ஷாட்டா, முன்னால் ஆள் மறைத்து நின்றதா, பக்கவாட்டுப் பாஸ் வந்து உடனே அடித்ததா, முதல் ஷாட்டைத் தடுத்ததிலிருந்து தெறித்து வந்ததா. இந்தப் பக்கவாட்டுப் பாஸ் விஷயம் முக்கியம். வலையின் நடுவிலிருந்து எதிர் வலைக்கு ஒரு கோடு போனதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள், வட அமெரிக்காவின் தொழில்முறை ஹாக்கி லீக்கான என்எச்எல்லில் கோலியாக இருந்த ஸ்டீவ் வாலிகெட் இதற்கு 'ராயல் ரோடு' என்று பேர் வைத்தார். பக், அதாவது ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக உள்ள ரப்பர் வட்டு, அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் உடனே ஷாட் வந்தால், கோலி மொத்த உடம்பையும் தூக்கிக்கொண்டு இடம் மாற வேண்டும், கண் பின்னாலேயே ஓட வேண்டும். கோல் விழுகிற வாய்ப்பு அங்கே பல மடங்கு ஏறிவிடுகிறது. இரண்டு கோலிகளும் 30இல் 28ஐத் தடுத்தார்கள் என்று வையுங்கள். ஒருத்தி தடுத்ததில் 20 தூரத்திலிருந்து வந்த சோம்பேறி ஷாட், இன்னொருத்தி தடுத்ததில் 10 ராயல் ரோடு தாண்டியது. பேப்பரில் இருவரும் ஒன்று, உங்கள் நோட்டில் ஒன்றில்லை.

பத்து ஆட்டம் ஆனதும் நோட்டைப் புரட்டினால் ஒரு சித்திரம் வரும். எங்கள் நோட்டில் வட்டம் போட்ட புள்ளிகள் எல்லாம் அவளுடைய இடது பக்கம், வலைக்கு மிக அருகில், கோல் கோட்டை ஒட்டிய மூலையில் குவிந்திருந்தன. நாங்கள் வருஷக்கணக்காக உயரமாக வருகிற ஷாட்டுகளுக்குக் கை வேகம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பிரச்சினை கையில் இல்லவே இல்லை, அவள் இடது கம்பத்தை ஒட்டி ஒரு முழங்காலைப் போட்டு உடம்பைச் சாய்த்து மூடும்போது கம்பத்துக்கும் தோளுக்கும் நடுவே ஒரு இடைவெளி விட்டிருக்கிறாள். கோலி கோச்சிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன், இரண்டு வாரத்தில் சரியானது. நோட்டின் உண்மையான பயன் இதுதான், விருது எல்லாம் அப்புறம்.

பார்க்கிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்

எண்களைத் தாண்டி, கோலிகளைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிற இடத்தில் இருப்பவர்கள், எதிரணி கோச்சுகளும் ஹாக்கியை வருஷக்கணக்காகப் பார்த்து எழுதுகிறவர்களும், நாம் கைதட்டாத இடத்தில் தலையாட்டுவார்கள். ஒரு காட்சி சொல்கிறேன். எதிரணிக்காரி வலது மூலையிலிருந்து பக்கை வலைக்குப் பின்னால் கொண்டுபோகிறாள். கோலி தலையைத் திருப்பிப் பார்க்கிறாள், உடம்பு அசையவில்லை. பின்னாலிருந்து நடுவில் நிற்கிறவளுக்குப் பாஸ். கோலி அதற்குள் ஒரே தள்ளில் அங்கே போய்விட்டாள், இரண்டு முழங்காலும் பனியில், கால் மெத்தைகள் இருபுறமும் விரிந்து தரையோடு ஒட்டியிருக்கின்றன. ஷாட் வயிற்றில் விழுகிறது, கையால் மூடுகிறாள். விசில். கூட்டத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை, பாப்கார்ன் வாங்கப் போனவர் இன்னும் திரும்பவில்லை.

அதே ஷாட்டுக்கு இன்னொரு கோலி அரை நொடி தாமதமாகப் புறப்பட்டு, விழுந்து புரண்டு, கையுறையை நீட்டி அந்தரத்தில் பிடித்திருந்தால் அரங்கமே எழுந்திருக்கும். சினிமா சண்டை மாதிரி இருக்கும். ஆனால் தெரிந்தவர்கள் முதல் பெண்ணைத்தான் குறித்துக்கொள்வார்கள், ஏனென்றால் அவள் அதை நாளைக்கும் செய்வாள்.

இரண்டாவது, தடுத்த பக் எங்கே போகிறது என்பது. தடுத்துவிட்டு நடுவில் நிற்கிற எதிரணிக்காரியின் மட்டைக்கே திருப்பிக் கொடுத்தால் அது பாதித் தடுப்புதான். மூலைக்குத் தள்ள வேண்டும், இல்லை உடம்போடு அணைத்து நிறுத்த வேண்டும். மூன்றாவது, கோல் விழுந்த பிறகு வருகிற இரண்டு நிமிஷம். வலையிலிருந்து பக்கை எடுத்துத் தட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கிறாளா, மட்டையை கம்பத்தில் அடிக்கிறாளா, முன்னால் நின்ற தோழியை முறைக்கிறாளா? முறைக்கிற பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பரவினால் அதை எந்த .940ஆலும் துடைக்க முடியாது. இதை மகளிடம் ஒரே ஒரு முறை சொன்னால் போதும், தினம் சொன்னால் அவள் உங்களை முறைப்பாள்.

நான்காவதாக எந்த ஆட்டம் என்பது. சுமார் 25 ஆட்டம் கொண்ட சீசனில் பாதி ஆட்டங்களில் கோலிக்குப் பெரிய வேலை இருக்காது. தெரிந்தவர்கள் கேட்பது பலமான அணிகளோடு அவள் எப்படி நின்றாள் என்பதைத்தான். பிப்ரவரியில் செக்‌ஷன் ஆட்டங்கள், அதாவது வட்டாரத் தகுதி ஆட்டங்கள் வரும், தோற்றால் வெளியே. அங்கே ஜெயிக்கிற எட்டு அணிகள் பெரிய பள்ளிகளுக்கான ஏஏ வகுப்பிலும், இன்னொரு எட்டு ஏ வகுப்பிலும் செயின்ட் பாலில் நடக்கிற மாநிலப் போட்டிக்குப் போகும். நோட்டில் பலமான எதிரணிகளுடன் ஆடிய ஆட்டங்களுக்குத் தனியாக ஒரு கூட்டல் போட்டு வையுங்கள்.

7ஆம் வகுப்பிலிருந்து 12 வரை

மெத்தை வாங்குவதில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நம் வீட்டுப் பழக்கம் இங்கே காலை வாரும். "வளர்ற புள்ள, ரெண்டு சைஸ் பெரிசா எடு" என்று யூனிஃபார்ம் எடுத்துப் பழகியவர்கள் நாம். கால் மெத்தையில் அதைச் செய்யாதீர்கள். மெத்தை உயரமானால் அவள் முழங்கால் மெத்தையில் அதற்கென்று உள்ள இடத்தில் உட்காராது, இரண்டு தொடைப் பகுதியும் ஒன்றோடொன்று இடிக்கும், விழும்போது கால் சரியாகத் திரும்பாது. சின்னதானால் முழங்காலுக்கு மேலே இடைவெளி திறந்து அங்கேயே கோல் விழும். புதிய நல்ல கால் மெத்தை ஜோடி ஒன்றே ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும், அதனால் வளர்கிற வயதில் பழையது வாங்குங்கள், அளவு பார்த்து. முகமூடியும் நெஞ்சுக் கவசமும் மட்டும் பழையதில் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். பக் என்பது மூன்று அங்குல விட்டம், ஒரு அங்குல கனம் கொண்ட கெட்டி ரப்பர், ஆட்டத்துக்கு முன்னால் அதை வேறு உறைய வைப்பார்கள்.

ஆட்ட நேரம்தான் அடுத்த தலைவலி. ஒரு அணியில் வலை ஒன்றுதான். இரண்டு நல்ல கோலிகள் இருந்தால் ஒருத்தி பெஞ்சில். 9ஆம் வகுப்பில் மகள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வயிறு எரியும், ஒப்புக்கொள்கிறேன், எனக்கும் எரிந்தது. உடனே "வேற ஸ்கூலுக்கு மாத்திடலாமா" என்று தோன்றும். ஜாக்கிரதை. ஹைஸ்கூல் சேர்ந்த பிறகு குடும்பத்தோடு வீடு மாறியது போன்ற தகுந்த காரணம் இல்லாமல் பள்ளி மாறினால் ஒரு வருஷம் வார்சிட்டியில் ஆட முடியாமல் போகலாம். முதலில் மாநிலப் பள்ளி விளையாட்டு லீக்கின் விதியைப் படியுங்கள், பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாளரைக் கேளுங்கள், அப்புறம் முடிவெடுங்கள். பல நேரம் ஜூனியர் அணியில் ஒரு வருஷம் முழுக்க நின்று ஆடுவது, வார்சிட்டியில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட மேல். கோலிக்கு ஷாட்தான் சாப்பாடு.

பெண்கள் அணியை விட்டுப் பையன்கள் அணிக்குப் போகலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். மேடி ரூனி அப்படிப் போனவர். ஆண்டோவர் ஹைஸ்கூலில் கடைசி வருஷம் பையன்கள் அணிக்குக் கோலியாக நின்றார், அப்புறம் டுலூத்தில் கல்லூரி, 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் கனடாவுக்கு எதிரான இறுதி ஆட்டம் ஷூட்அவுட் வரை போக, கடைசி ஷாட்டைத் தடுத்து அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். அப்போது அவருக்கு 20 வயது. அப்புறம் அதே மாநிலத்தின் தொழில்முறைப் பெண்கள் அணியான மினசோட்டா ஃப்ராஸ்டுக்கு ஆடினார், அந்த அணி 2024, 2025 இரண்டு வருஷமும் தன் லீக்கின் வால்டர் கோப்பையை வாங்கியது. வேகமான ஷாட் வேண்டும் என்று அப்படிப் போகிறவள் பெண்கள் ஹாக்கி விருதுப் பேச்சை விட்டு விலகித்தான் போகிறாள். எது வேண்டும் என்பதை அவள்தான் சொல்ல வேண்டும்.

கோச்சிடம் பேசுவது

இந்த விருது பெற்றோர் மின்னஞ்சல் போட்டு வாங்குகிற விஷயம் இல்லை. உங்கள் மகளைப் பற்றிப் பேச வேண்டியவர் அவளுடைய கோச். 12ஆம் வகுப்பு சீசன் தொடங்குவதற்கு முன்னால், ஒரே ஒரு முறை, மகளே போய்க் கேட்கட்டும்: இந்த வருஷம் நான் எந்த ஆட்டங்களில் நிற்பேன், என்னிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள், ஆட்டத்தின் எண்களை யார் பதிவேற்றுகிறார்கள். கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். பதிவேற்றுகிறவர் மறந்துபோய் இரண்டு ஆட்டங்களின் தடுப்புக் கணக்கு பூஜ்யமாக நிற்பதை நாங்கள் ஜனவரியில்தான் பார்த்தோம். நோட்டு கையில் இருந்ததால் தேதி, எதிரணி, ஷாட் எல்லாம் எழுதிக் கொடுத்தோம், திருத்தினார்கள். சண்டை போடப் போகாதீர்கள், காகிதத்தோடு போங்கள். எண்கள் உங்கள் மகளுக்குச் சாதகமாகத் தப்பாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். ஒருமுறை அப்படிச் சொன்னதற்குப் பிறகு எங்கள் நோட்டை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

கல்லூரிக்கு இந்த விருது உதவுமா என்று கேட்பவர்களுக்கு: அநேகமாக இல்லை. என்சிஏஏ என்கிற அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பின் முதல் பிரிவுக் கல்லூரி கோச்சுகள் 10ஆம் வகுப்பு முடிந்த ஜூன் 15லிருந்தே பெண்களிடம் நேரடியாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். 12ஆம் வகுப்பு பிப்ரவரியில் விருது வருவதற்குள் முன்னணி கோலிகளில் பலர் எங்கே போகிறோம் என்று முடிவு செய்திருப்பார்கள். கல்லூரிக்காகத்தான் என்றால் உங்கள் உழைப்பை 9, 10ஆம் வகுப்பில் காட்டுங்கள், நல்ல வீடியோவில் காட்டுங்கள். வெறும் பாய்ச்சல்களை மட்டும் வெட்டி ஒட்டாமல், ஒரு முழு ஆட்டத்தையும், முடிந்தால் அவள் மூன்று கோல் விட்டுத் தோற்ற ஆட்டத்தையும் சேர்த்து அனுப்புங்கள். கோல் விட்ட பிறகு எப்படி நிற்கிறாள் என்று பார்க்கத்தான் அவர்களுக்கு ஆசை.

கார்ப் பயணம்

ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வருகிற அந்த நாற்பது நிமிஷம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கோலி வீட்டுக்காரர்களுக்குத்தான் அது தெரியும். மற்ற பெண்கள் தோற்றால் "நாங்க தோத்துட்டோம்" என்பார்கள், கோலி "நான் மூணு விட்டுட்டேன்" என்பாள். மூன்றாவது கோல் பற்றிப் பேச்சை நீங்கள் எடுக்காதீர்கள். அது ராயல் ரோடு தாண்டி வந்தது, யாராலும் தடுக்க முடியாதது என்று நோட்டைத் திறந்து நிரூபிக்கவும் போகாதீர்கள், நான் செய்து பார்த்திருக்கிறேன், அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நோட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு. காரில் என்ன சாப்பிடுகிறாய் என்று மட்டும் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு தூக்கம் வந்தாலும், ஜெயித்தாலும் தோற்றாலும், பையைத் திறந்து மெத்தை, நெஞ்சுக் கவசம், கையுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காற்றோட்டமாக விரித்துவிடுங்கள். இரவு முழுக்கப் பைக்குள்ளேயே இருந்தால் காலையில் வீட்டில் வருகிற நாற்றத்தைச் சொல்லி மாளாது, ஈரக் கையுறையோடு மறுநாள் பயிற்சியில் அவளால் ஒன்றையும் பிடிக்கவும் முடியாது.